இடுப்புத் தடித்த அச்சுமட்டை

நேற்று மத்தியானம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் சுவரில் கொழுவியிருக்கும் அச்சுமட்டையைப் பார்த்துக் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. "இதை வெட்டின ஆளுக்குக் கண் பார்வை குறைவு போல" என்றாள் ஒருத்தி. "இடுப்பைப் பாரடி, நெல்லு மூட்டை!" என்றாள் அடுத்தவள். மூன்றாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போனாள். இடுப்பை ஒடுக்கிவிடும் எண்ணத்தில் கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தக் கத்தரிக்கோலைக் கண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெட்டின ஆள் நான்தான். என் கண் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

அடுத்த கிழமை நான் நெடுந்தீவுக்கு ஆசிரியையாகப் போகிறேன். அதனால் இந்த அறையை நடத்தும் அக்கா கொஞ்ச நாளாக, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் "இவதான் எங்கடை ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்" என்று என்னைக் காட்டுகிறார். ஒரு நரை மயிர்கூட வராமல் ஓய்வுபெறும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். ஓய்வுபெற்ற முதல் ஆளும் நான்தான். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். ஓய்வுபெற்றவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வது முறை. கேட்பவர்கள் கொட்டாவி விடுவதும் முறை. என் பங்கை நான் செய்கிறேன், உங்கள் பங்கை நீங்கள் செய்யுங்கள்.

பசையை எவ்வளவு தடவுவது, மட்டையை எந்தப் பக்கம் மடிப்பது, லேஸின் நுனியை எங்கே ஒளிப்பது என்பதெல்லாம் அக்கா காட்டித் தருவார். வேலணையில் இந்தச் சின்ன அறைக்குக் கலியாண அல்பத்துக்கும், மாதா கோயிலில் முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வாழ்த்துமட்டைக்கும் சனம் தேடிவருவது அவருடைய கையால்தான். நான் சொல்லப்போவது அந்த அச்சுமட்டையின் கதையை மட்டும்.

தையல்கடையில் சட்டை போட்டு நிறுத்துவார்களே ஒரு பொம்மை, அதன் வடிவம்தான் அது. கழுத்து, தோள், இடுப்பு, கீழே ஒரு தண்டு. தலை கிடையாது, கை கிடையாது. அதை வைத்து அந்த வடிவத்தை மட்டையில் வெட்டி, மேலே துணியும் லேஸும் முத்தும் ஒட்டினால் எந்த உடுப்பையும் அதற்குப் போட்டுவிடலாம். கூறையும் உடுக்கும், முதல்நன்மை வெள்ளைச் சட்டையும் போடும். ஒரு சொல் எதிர்த்துக் கதைக்காது. இப்படி ஒரு வாடிக்கையாளர் நமக்குக் கிடைக்கமாட்டார்.

ஒரு ஆவணி மாதம் புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து தர்சிகா வந்தாள். தையல்காரி. கலியாணத்துக்குக் கொஞ்ச நாளே இருந்தது. மண்டப வாசலில் மேசை போட்டு, வருகிறவர்கள் வாழ்த்து எழுதுவதற்குப் பெரிய அல்பம் ஒன்று வேண்டும் என்றாள். கைபேசியில் தன்னுடைய தையல் பொம்மையின் படத்தைக் காட்டினாள்.

"முன்மட்டையிலை இது நிக்கவேணும்."

"உம்மடை படம் வேண்டாமோ?"

"என்ரை படம் உள்ளுக்கை நிறைய வரும்தானே. வெளியிலை இதுதான்."

அந்தப் பொம்மையை அவள் பழசாக வாங்கியிருக்கிறாள். வாங்கும்போதே அதற்குக் கால் உடைந்திருந்தது. வீட்டில் பழுதாகிக் கிடந்த, நிலத்தில் நிற்கிற ஃபானின் தண்டில் அதைப் பூட்டி நிறுத்தியிருக்கிறாள். கீழே ஃபானின் வட்டத் தட்டு.

"மூண்டு காலாய் வெட்டினால் இன்னும் வடிவாய் இருக்கும்," என்றேன்.

"வெட்டாதையும். அப்பிடியெண்டால் அது வேறை ஆரின்ரையோ பொம்மை. என்ரை பொம்மை ஃபான் காலிலைதான் நிக்குது."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அவள் கதிரையை இழுத்து இருந்துகொண்டாள்.

"மாப்பிளை வீட்டுக்காரர் பிரான்சிலை சனத்துக்கு என்ன சொல்லியிருக்கினம் தெரியுமே? பொம்பிளை வீட்டோடை இருக்கிற பிள்ளையாம். வீட்டோடை இருந்து நான் என்ன, பல்லியையோ எண்ணினனான்? புங்குடுதீவிலை பாதிப் பொம்பிளையளின்ரை சட்டை என்ரை கையாலை போனது."

"அப்ப அவையிட்டைச் சொல்லலாமே?"

"நான் சொன்னால் வாய்க்காரி எண்டுவினம். அல்பம் சொன்னால் ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

மாப்பிள்ளையைப் பற்றியும் விசாரித்தேன். நல்ல மனிதராம். எதைக் கேட்டாலும் "அம்மாட்டைக் கேப்பம்" என்று ஒரே பதிலாம்.

வேலையை அக்கா என்னிடம் தந்தார். நான் பொம்மைக்கு அரக்குப் பட்டும் பொன் கரையும் ஒட்டினேன். கழுத்தில் தையல்காரியின் அளவுநாடா ஒன்றை மாலை மாதிரிப் போட்டேன். இடுப்பு எப்படி வெட்டினேன் என்று கேட்கிறீர்களா? கொடி மாதிரி. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

முடிகிற தறுவாயில் ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய். இறுப்பிட்டியில் பிறந்து பிரான்சில் வாழ்கிறவர். மருமகளின் அல்பத்தைப் பார்க்க வந்தாராம். தர்சிகா அவரை மாமி என்பாள். பிறகு நாங்கள் எல்லோருமே அவருக்குப் பின்னால் மாமி என்றும் முன்னால் அன்ரி என்றும் சொல்லப் பழகிக்கொண்டோம்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்மட்டையைப் பார்த்தார். பட்டைத் தடவினார். முத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. தலை எங்கை பிள்ளை?"

"இது தையல் பொம்மை அன்ரி. இதுக்குத் தலை இல்லை."

"தலை இல்லாட்டில் அதுக்குப் பேர் முண்டம். கலியாண வாசலிலை ஆரும் முண்டத்தை வைப்பினமோ?"

முண்டம் என்ற சொல்லைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் எழும்புகிற தம்பிமாருக்கு அதுதான் பெயர். ஆனால் மாமி சொன்ன முண்டம் அந்த முண்டம் இல்லை. நல்ல காரியத்தில் கண்ணில் படவே கூடாத ஒன்று.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். படித்த வாய் மூடுமா? இந்த வடிவம் எதைக் குறிக்கிறது, உலகத்தில் எங்கெங்கே வாழ்த்துமட்டைகளில் இதைப் போடுகிறார்கள், தலையை விட்டுவிடுவதால் பார்க்கிறவர்கள் தங்களையே அங்கே பொருத்திப் பார்க்கலாம் என்பதுவரை ஒரு விரிவுரை நடத்தினேன். மாமி பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"படிச்ச பிள்ளை எண்டு விளங்குது. நான் தலை எங்கை எண்டுதான் கேட்டனான்."

நாளை மறுநாள் வருவதாகவும், அப்போது அது தலையோடு இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார். எங்கள் தொழிலில் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது இதுதான் பிள்ளைகளே: ஒருவர் பயப்படும்போது அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். பயம் அப்படியே இருக்கும், கூடவே கோபமும் வந்து சேரும்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முறையிட்டேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். வலையிலிருந்து கண் எடுக்காமலே கேட்டார்: "தலை இல்லாமல் மீன் வித்தால் ஆர் வாங்குவினம்? செவுளைப் பாத்தால்தானே நல்லதோ பழுதோ எண்டு தெரியும்?" மாமிக்கு ஒரு வாக்குக் கூடியது.

அடுத்த நாள் நான் தலை வெட்டினேன். நீள்வட்ட முகம், பின்னால் கொண்டை, நடுவில் பொட்டு. கழுத்தில் வைத்துப் பார்த்ததும் அக்கா கையிலிருந்த பசைப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அவவெல்லே! அச்சொட்டாய் அவவெல்லே!"

பார்த்தேன். மாமிதான். உதட்டை இறுக்கிக்கொண்டு "தலை எங்கை பிள்ளை?" என்று கேட்கிற அதே முகம். நான் வேண்டுமென்று செய்யவில்லை. மனதில் யாரைத் திட்டிக்கொண்டு வெட்டுகிறீர்களோ, அவருடைய சாடை கத்தரிக்கோலில் இறங்கிவிடும். தர்சிகாவின் கலியாண அல்பத்தில் மாமியார் மணப்பெண் கோலத்தில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். மேசை லாச்சியை இழுத்துத் தலையை அதற்குள் போட்டு மூடினேன்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. அருமையான யோசனைகளிலும் கவனமாக இருங்கள். பொம்மையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அது குடம் மாதிரி. கழுத்தில் மாவிலை செருகி, நடுவில் தேங்காய் வைத்தால்? கும்பம்! கும்பத்துக்குத் தேங்காய்தானே தலை? கலியாண வாசலில் அதைவிட மங்கலமானது உண்டா? பச்சைத் தாளில் மாவிலை வெட்டினேன். மண்ணிறத் தாளில் தேங்காயைக் குடுமியோடு வெட்டினேன். கீழே ஃபானின் வட்டத் தட்டை மறைத்து வாழையிலையும் நெல்லும் வைத்தேன்.

மறுநாள் காலை அக்கா வந்து பார்த்தார். "ஒட்டிப்போட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் இல்லை. குண்டூசியிலைதான் நிக்குது."

"அப்ப அவசரப்படாதையும். இண்டைக்கு ரண்டு பேரும் வருவினம். ஆரின்ரை முகம் என்ன சொல்லுது எண்டு பாத்திட்டு ஒட்டும்."

"நீங்களே சொல்லுங்கோவன் அக்கா, எதைச் செய்யிறதெண்டு."

"உம்மட்டைத்தானே வேலையைத் தந்தனான். நானே சொல்லுறதெண்டால் நீர் எதுக்கு?"

சொல்லிவிட்டு அவர் தேநீர் வைக்கக் குசினிக்குப் போய்விட்டார். இந்த அறையில் நான் அடைந்த பயிற்சி பெரும்பாலும் அப்படித்தான். நான் தவித்துக்கொண்டிருப்பேன், குசினியில் தண்ணீர் கொதிக்கும்.

மாமி வந்தார். கும்பத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வேதக்காரப் பிள்ளை எண்டாலும் கும்பத்தை எவ்வளவு வடிவாய் வைச்சிருக்கிறாய்!" என்று என் தலையைத் தடவினார். எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பூ வைப்பதுகூடத் தங்கச்சிதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

தர்சிகாவும் பக்கத்தில்தான் நின்றாள். அவள் அல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாவிலைக்குள் மறைந்துபோன அளவுநாடாவைத் தேடினாள். வாழையிலையை விரலால் கொஞ்சம் விலக்கி, அடியில் வட்டத் தட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள். மாமி ஓட்டோவை நோக்கி நடந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"வடிவாய்த்தான் இருக்கு. இதிலை நான் எங்கை?"

எனக்குச் சட்டென்று சுட்டது. வந்தவர்களில் யார் பலமாகக் கதைத்தாரோ அவரைத்தான் இவ்வளவு நேரமும் நான் வாடிக்கையாளராக நினைத்திருக்கிறேன். அவருடைய பயத்துக்கு மருந்து கட்டியாயிற்று. ஆனால் அந்தக் கட்டுக்குள்ளே இந்தப் பெண்ணின் தொழிலை மூடிவிட்டேன். வாசலில் அல்பம் சொல்லட்டும் என்று அவள் நம்பி வந்தாள். இப்போது அல்பமும் சொல்கிறது, அவள் வீட்டோடு இருக்கிற பிள்ளையென்று.

"நான் இன்னும் ஒட்டேல்லை," என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

இரண்டு நாள் கழித்து அல்பத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மடத்துவெளிக்குப் போனேன். தர்சிகாவோடு இருந்து, அவளுக்கும் சரியான, மாமிக்கும் சரியான ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று திட்டம். தையல் மெசினுக்குப் பக்கத்தில் அந்தப் பொம்மை ஃபான் காலில் நின்றது. நேரில் பார்க்கக் கொஞ்சம் சரிந்து, பஸ்சுக்குக் காத்து நிற்பது மாதிரி இருந்தது.

நாங்கள் அல்பத்தை விரிக்க முன்பே மாமி வந்துவிட்டார். கையில் ஒரு பை, முகத்தில் கலவரம். என்னைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"என்ன மாமி?"

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்."

"பைக்குள்ளை?"

மாமி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பையை மெசினின் மேல் வைத்தார். கலியாணத்துக்கு உடுக்கிற சேலைக்குப் பிரான்சிலேயே தைத்துக் கொண்டுவந்த சட்டை. கொக்கி பூட்டுப்படவில்லை. தைக்கக் கொடுக்கும்போது அளவுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்தாராம். அந்த அளவுச்சட்டையையும் கொண்டுவந்திருந்தார். மூத்த மகனுக்குச் சோறு தீத்தின காலத்துச் சட்டை என்று நினைக்கிறேன். அந்த மூத்த மகன்தான் மாப்பிள்ளை.

"மிச்சத் துணி கிடக்கு. உன்னாலை ஏலுமே பிள்ளை?" என்றார் மாமி. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "ஊர்ச்சனம் முழுக்க வரும். பின் குத்திக்கொண்டு நிக்கேலாது."

தர்சிகா அளவுநாடாவை எடுத்தாள். நாடா வயிற்றுக்குக் கிட்டப் போனதும் மாமி மூச்சை உள்ளே இழுத்தார்.

"மூச்சை விடுங்கோ மாமி."

"விட்டுக்கொண்டுதானே நிக்கிறன்."

"இல்லை மாமி, விடுங்கோ."

"விட்டிட்டன்."

"மாமி."

மாமி விட்டார். நாடா ஓடிப்போய் வேறு ஒரு இலக்கத்தில் நின்றது. தர்சிகா அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. அதைத்தான் நான் தொழில் என்பேன்.

பிறகு அவள் பழைய துவாய்களை எடுத்துப் பொம்மையைச் சுற்றத் தொடங்கினாள். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. நாடாவைப் போட்டுப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் சுற்றுவாள். குண்டூசிகளை என்னிடம் தந்தாள். நான் அவற்றை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினேன். வாய் நிறையக் குண்டூசி இருந்தபடியால் அன்றைக்கு என்னால் விரிவுரை ஒன்றும் நடத்த முடியவில்லை. அன்று எல்லாம் நல்லபடி நடந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

வெட்டினாள், தைத்தாள், கொக்கி வைத்தாள். மாமி குசினிக்குள் போய் எங்களுக்குத் தேநீர் போட்டார், சீனி கூடிவிட்டது. திரும்பி வந்தபோது சட்டை பொம்மையின் மேல் நின்றது. மயில்கழுத்து நிறம், கையில் சரிகைக் கரை. மாமி தட்டை வைத்துவிட்டுப் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஆரடி இது?"

"நீங்கள்தான் மாமி."

"நான் உவ்வளவு மொத்தமோ?"

தர்சிகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தலை இருக்கிற ஆக்கள் எல்லாரும் அளவிலை பொய் சொல்லுவினம் மாமி. இதுக்குத் தலையில்லை. பொய்யும் தெரியாது."

என் வாயிலிருந்த குண்டூசிகள் எல்லாம் ஒரேயடியாகக் குளிர்ந்தன. கலியாணம் இன்னும் நடக்கவில்லை. மருமகள் மாமியாரைப் பார்த்து, நேருக்கு நேர், பொய்க்காரி என்கிறாள். மெசினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் மாமியின் தோள்தான் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "முண்டம் உண்மையைச் சொல்லுது, என்ன?" என்று பொம்மையின் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கொக்கி பூட்டியிருந்தது. கையைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். எங்கேயும் பிடிக்கவில்லை.

"மூச்சு விட்டுக்கொண்டு நிக்கிறன் பார்," என்று தர்சிகாவிடம் காட்டினார்.

அதன் பிறகு என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் நான் வைத்திருந்த அல்பத்தை எடுத்தார். குண்டூசியைப் பிடுங்கித் தாள் தேங்காயை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய்ச் சம்பல் அரை. வாசலிலை உண்மையான கும்பம் வைப்பம்தானே. இதிலை இவளின்ரை பொம்மையே நிக்கட்டும்."

"தலை, அன்ரி?" வாயிலிருந்த கடைசி ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"வேண்டாம். தலை வைச்சால் அது கதைக்கத் தொடங்கும். ஆனால் ஒண்டு பிள்ளை, உது ஆரின்ரை இடுப்பு? பட்டினி கிடந்தவளின்ரை இடுப்பு. எடுத்துப்போட்டு என்ரையை வை."

புது அச்சு அப்படித்தான் வெட்டப்பட்டது. துவாய் சுற்றிய அந்தப் பொம்மையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, அதன் விளிம்பில் மயிரிழை பிசகாமல் வெட்டினேன். வெட்டி விழுந்த மயில்கழுத்துத் துணியிலேயே சட்டை ஒட்டினேன். கழுத்தில் அளவுநாடா, கீழே ஃபானின் வட்டத் தட்டு. இந்த முறை யாரையும் திட்டாமல் வெட்டினேன். அது யாருடைய சாடையிலும் வரவில்லை, மாமியின் அளவில் மட்டும் வந்தது.

கலியாணத்துக்கு அக்காவும் நானும் போனோம். மணவறையைப் பார்க்கப் போகாமல் வாசல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றோம். நம்முடைய வேலையை யாராவது குறை சொல்கிறார்களா என்று கேட்பதற்குத்தான். பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண் பேனாவை எடுத்தவர் முன்மட்டையைக் கண்டு நின்றுவிட்டார்.

"உது என்ன, தலையில்லாமல்?"

மாமி எங்கிருந்துதான் வந்தாரோ. மயில்கழுத்துச் சட்டை, மூச்சு தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"என்ரை மருமகளின்ரை தையல் பொம்மை. இந்தச் சட்டையை அதிலை போட்டுத்தான் தைச்சவ. அங்கை வந்தாப் பிறகு உமக்கும் தைக்கச் சொல்லுறன். ஆனால் மூச்சை விட்டிட்டு நிக்கவேணும்."

"அது சரி, தலை?"

மாமி அல்பத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் நாடிக்குக் கீழே பிடித்தார். பொம்மையின் சட்டையும் மாமியின் சட்டையும் ஒரே நிறம். தாள் பொம்மையின் கழுத்துக்கு மேலே பொட்டும் கொண்டையுமாக மாமியின் முகம்.

"இப்ப இருக்கே?"

படம்பிடிக்கிறவர் விடவில்லை. அந்த அல்பத்தின் முதல் பக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் இல்லை. அந்தப் படம்தான் இருக்கிறதாம். ஒட்டச் சொன்னது மாமி. மாப்பிள்ளையைக் கேட்டார்களா என்று தெரியாது.

சுவரில் இருப்பது அந்த அச்சு. அதில் ஒரு மயிரிழைகூட வெட்டக் கூடாது. கொடி இடை வேண்டுமென்று யாராவது கேட்டால் புது மட்டையில் வெட்டிக் கொடுங்கள். நான் லாச்சிக்குள் போட்ட தலையும் அங்கேதான் கிடக்கிறது, மேல் லாச்சியில், நூல்கட்டைகளுக்குப் பின்னால். அதை எடுத்து அச்சின் கழுத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்கு ஆசை வரும், எனக்குத் தெரியும். வைத்துப் பாருங்கள். அச்சொட்டாகப் பொருந்தும்.

ஒட்டிப்போடாதீர்கள்.